தெற்கே பொத்துவிலா, வடக்கே வாகரையா?

மட்டக்களப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் தனியாகக் கிளம்புகிறவனுக்குக் கடலோரமாக இரண்டு வழிகள் உண்டு.

கல்லடிப் பாலம் தாண்டினால் தெற்கு. பொத்துவில் வரை நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டரை மணி நேரப் பாதை. எனக்கோ ஒரு முழுப் பகல் போதாது. காத்தான்குடியில் தெரு நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களைக் கடந்ததுமே வழியிலுள்ள நண்பர்களின் தொலைபேசி அடிக்கும். களுவாஞ்சிக்குடியில் ஒரு பிளேன்டீ, கல்முனையில் இன்னொன்று. காரைதீவு நண்பனின் அம்மா, "சோறு தின்னாமல் போகிறாயா மகன்?" என்று என் தலைக்கவசத்தை வாங்கி உள்ளே வைத்துவிடுவார். அதற்குப் பிறகு எங்கே கிளம்புவது? அக்கரைப்பற்றைத் தாண்டி, திருக்கோவில் பக்கம் வந்த பின்தான் வண்டி நிற்காமல் ஓடும்.

வடக்கு நேர்மாறு. ஏறாவூர், வாழைச்சேனை வரைதான் சனம். பிறகு பற்றைக்காடு, காற்று, பனிச்சங்கேணிப் பாலத்தடியில் களப்பு நீர். நண்பன் ஒருவன்தான், வாகரையில். அந்தியில் மாடுகள் வீதியை மறித்துப் படுத்துவிடும். இருட்டுமுன் போய்விட வேண்டும். பெற்றோலை வாழைச்சேனையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஓட்டத்துக்கு வடக்குத்தான். ஆனாலும் அடுத்த விடுமுறைக்கும் நான் கல்லடிப் பக்கமே திரும்புவேன். தலைக்கவசம் இன்னும் காரைதீவில் இருக்கிறது.