ஃபைல்சிஸ்டம் எம்சிபி சர்வர்: டூல் விவரிப்புகளுக்காகவே ஒருமுறை திறந்து பாருங்கள்

ஏஐ ஏஜென்ட்டுக்கு (நமக்காகத் தானே வேலைகளைச் செய்யும் ஏஐக்கு) டூல், அதாவது அது கூப்பிட்டுப் பயன்படுத்தும் நிரல், எழுதுகிறவர்கள் இந்த ஃபைல்சிஸ்டம் சர்வரை நிறுவாவிட்டாலும் பரவாயில்லை, அதன் மூல நிரலைத் திறந்து ஒவ்வொரு டூலுக்கும் எழுதியிருக்கும் விவரிப்பை மட்டும் படித்துவிடுங்கள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், அதாவது ஏஐயை வெளி டூல்களோடு இணைக்கும் பொது நெறிமுறையான எம்சிபிக்கு, மாதிரியாக வைத்திருக்கும் சர்வர்களில் இது ஒன்று. டைப்ஸ்கிரிப்டில் எழுதியது, இலவசம். எந்த ஃபோல்டருக்குள் வேலை செய்யலாம் என்று சொல்லி ஒரே கட்டளையில் ஓட வைத்துவிடலாம். கோப்பைப் படிக்கும், எழுதும், நகர்த்தும், தேடும். சொன்னதைச் செய்கிறது, அதனால் அந்தப் பக்கத்தில் நான் சொல்ல அதிகம் இல்லை.

விவரிப்பில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அலுவலகத்தில் பில் விவரங்களை எடுத்துத் தரும் ஒரு டூலை நான் எழுதினேன், அதில் தேதி என்ற உள்ளீட்டுக்கு 'பில் தேதி' என்று இரண்டு வார்த்தை மட்டும் போட்டு நிறுத்திவிட்டேன். ஏஜென்ட் 03/04 என்று அனுப்பியது ஏப்ரல் 3ஐ நினைத்து, என் நிரல் எடுத்துக் கொடுத்தது மார்ச் 4ஐ. எரர் எதுவும் வரவில்லை, அழகான அட்டவணை வந்தது, இரண்டு நாள் கழித்துத்தான் தொகை இடிக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடலைக் குறை சொல்லி என்ன பயன்? நம் நிரலை அது பார்ப்பதே இல்லை. சர்வரிடம் என்னென்ன டூல் இருக்கிறது என்று கேட்டதும் பெயர், விவரிப்பு, உள்ளீடுகளின் ஜேசன் ஸ்கீமா (எந்த உள்ளீடு எந்த வடிவில் வேண்டும் என்ற குறிப்பு) மாடலுக்குப் போய்ச் சேர்கின்றன, அதை வைத்துத்தான் எதை எப்போது எப்படிக் கூப்பிடுவது என்று அது முடிவு செய்ய வேண்டும். 'ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், உதாரணம் 2025-04-03' என்று ஒரு வரி சேர்த்த பிறகு அந்தப் பிரச்சினை திரும்ப வரவில்லை.

சரி, சர்வருக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்தது கோப்பை நகர்த்தும் மூவ் ஃபைல் டூலின் விவரிப்பு. நகர்த்தவும் பெயர் மாற்றவும் இதே டூல்தான் என்கிறது, போய்ச் சேரும் இடத்தில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் வேலை தோற்கும் என்கிறது, இரண்டு முனையும் அனுமதித்த ஃபோல்டருக்குள்தான் இருக்க வேண்டும் என்கிறது. நாம் எழுதும்போது 'கோப்பை நகர்த்தும்' என்று முடித்துக்கொள்வோம், ஆனால் எப்போது தோற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் ஏஜென்ட் அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பி முட்டிக்கொண்டிருக்காது. அனுமதித்த ஃபோல்டர்களைப் பட்டியலிடும் டூலும் அப்படித்தான்: கோப்பைத் தொடுவதற்கு முன் எங்கெல்லாம் போகலாம் என்று தெரிந்துகொள்ள இதைப் பயன்படுத்து என்று நேரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. பழைய ரீட் ஃபைல் டூலை நிறுத்தப்போகிறார்கள், அதன் விவரிப்பிலேயே இனி ரீட் டெக்ஸ்ட் ஃபைலைப் பயன்படுத்து என்று மாற்று டூலின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு சின்ன விஷயம், எவ்வளவு குழப்பத்தைத் தவிர்க்கிறது!

குறைகளும் உண்டு. ரைட் ஃபைல் டூல், இருக்கும் கோப்பை எச்சரிக்காமல் அழித்து எழுதிவிடும், கவனமாகப் பயன்படுத்து என்கிறது. எச்சரிக்கை நல்லதுதான், ஆனால் 'கவனமாக' என்ற சொல்லை வைத்துக்கொண்டு மாடல் என்ன செய்யும்? 'கோப்பின் ஒரு பகுதியை மட்டும் மாற்ற எடிட் ஃபைலைக் கூப்பிடு' என்று எழுதியிருந்தால் அது பின்பற்றக்கூடிய வரி. சர்ச் ஃபைல்ஸ் விஷயத்திலும் இதே வருத்தம். அது தேடுவது பெயரையும் பாதையையும், கோப்புக்குள் இருக்கும் எழுத்தை அல்ல. விவரிப்பைப் பொறுமையாகப் படித்தால் ஊகிக்கலாம், 'உள்ளடக்கத்தைத் தேடாது' என்று பச்சையாக ஒரு வார்த்தை இல்லை. என்ன செய்யாது என்று சொல்வதும் விவரிப்பின் வேலைதான்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது எடிட் ஃபைலில் இருக்கிறது. டிரை ரன் என்று ஓர் உள்ளீடு உண்டு, அதை இயக்கினால் கோப்பைத் தொடாமல் என்ன மாறும் என்பதை மட்டும் காட்டும். மாற்றுவதற்கு முன் எப்போதும் முதலில் இதைப் போட்டுப் பாருங்கள் என்று நல்ல அறிவுரையும் எழுதியிருக்கிறார்கள், ஆனால் எழுதிய இடம் ரீட்மீ, அதாவது நிரலோடு வரும் விளக்கக் கோப்பு. ரீட்மீயைப் படிப்பது மனிதர்கள், டூலைக் கூப்பிடுவது ஏஜென்ட். அந்த வரி விவரிப்புக்குள் இருந்திருக்க வேண்டும். நாம் எல்லோரும் செய்கிற தவறு இது, முக்கியமான சங்கதியை ஆவணத்தில் எழுதிவிட்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

விவரிப்பை நீட்டிக்கொண்டே போகவும் முடியாது, ஒவ்வொரு டூலின் வரிகளும் மாடலின் கான்டெக்ஸ்ட்டில், அதாவது அது ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய அளவுக்குள், இடம் பிடிக்கின்றன. இருபது சர்வரை ஒன்றாக மாட்டினால் வேலை தொடங்கும் முன்பே கணிசமான இடம் போய்விடும். 'பல்வேறு என்கோடிங்குகளைக் (எழுத்துகளைச் சேமிக்கும் முறைகளை) கையாளும்' போன்ற வரிகளை நான் தயங்காமல் எடுத்துவிடுவேன், அது தெரிந்து ஏஜென்ட் வேறு முடிவு எடுக்கப்போவதில்லை.

நிறுவப் போகிறவர்களுக்கு ஒன்று: ஹோம் ஃபோல்டர் முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள், வேலைக்குத் தேவையான ஒரு ஃபோல்டர் போதும். அப்புறம் சர்வர்களைச் சோதித்துப் பார்க்க உதவும் எம்சிபி இன்ஸ்பெக்டரை ஓடவிட்டு டூல் பட்டியலைப் பாருங்கள், மாடலுக்குப் போகும் விவரிப்புகள் அப்படியே தெரியும். நான் என் பிரதியில் எடிட் ஃபைல் விவரிப்பின் கடைசியில் 'முதலில் டிரை ரன் போட்டு மாற்றத்தைக் காட்டு, சரி என்ற பிறகே எழுது' என்று சேர்த்துக்கொண்டேன். இப்போது ஏஜென்ட் பெரும்பாலும் மாற்றத்தை என்னிடம் காட்டிவிட்டுத்தான் கோப்பில் கை வைக்கிறது.