எங்கள் பண்ணைக் கிருமியிலேயே செய்த கொரைசா ஊசி: நாலு வருட அனுபவம்

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழி வைத்திருப்பவர்களுக்குக் கொரைசா என்ற கோழிச் சளி நோயை விளக்க வேண்டியதில்லை. மூஞ்சி வீங்கும், மூக்கில் நாற்றமெடுத்த சளி ஒழுகும். சாவு குறைவுதான், ஆனால் முட்டை சரிந்துவிடும். வழக்கமான ஊசியை இரண்டு தடவை போட்டும் எங்கள் ஷெட்டை அது விடவில்லை. இந்தக் கிருமியில் ஏ, பி, சி என்று மூன்று வகை. ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றுக்குக் கேட்காது. "உங்க பண்ணைக் கிருமியையே எடுத்து ஊசி செஞ்சு பார்க்கலாமே" என்றார் டாக்டர்.

முதல் முயற்சி வீண். பழக்கதோஷத்தில் தண்ணீரில் கிருமியைக் கொல்லும் மருந்தை (ஆன்டிபயாடிக்) கலந்துவிட்டு, மூன்றாம் நாள் மாதிரி அனுப்பினேன். ஆய்வகத்தில் எதுவும் வளரவில்லை. சரியான நோஞ்சான் கிருமி இது; ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் வேறொரு கிருமியைக் கோடாக இழுத்துவிட்டால் அதை ஒட்டித்தான் முளைக்குமாம். அடுத்த முறை வீக்கம் தெரிந்த அன்றே, மருந்து குடிக்காத நாலைந்து கோழிகளை உயிரோடு கொண்டுபோனோம். கிடைத்தது. அதை வளர்த்து, கொன்று, எண்ணெயில் கலந்து, சோதித்துக் கைக்கு வர வாரக்கணக்கில் ஆனது. நோய் வந்த கோழிகளுக்கு இது உதவாது, அடுத்த பேட்சுக்குத்தான்.

8வது வாரம் ஒன்று, 15வது வாரம் ஒன்று, நெஞ்சுச் சதையில் அரை மில்லி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு போடக் கூடாது. அவசரப்பட்டுப் போட்ட ஒரு பேட்சில் நெஞ்செல்லாம் கட்டி. இன்னொன்று: ஊசி போடும் பையன் ஒருநாள் தன் விரலிலேயே குத்திக்கொண்டான். சின்னப் புள்ளிதானே என்று விடாதீர்கள். எண்ணெய் உள்ளே போனால் விரலுக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், எண்ணெய் ஊசி என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு பேட்ச் சுத்தமாக ஓடியது. மூன்றாவதில், வெளியிலிருந்து வாங்கிய வளர்ந்த கோழிகளோடு கொஞ்சம் திரும்ப வந்தது. மறுபடி மாதிரி கொடுத்தோம், வேறு வகை. அதையும் சேர்த்துச் செய்யச் சொன்னோம். நோயிலிருந்து தேறிய கோழியும் கிருமியைச் சுமந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், வளர்ந்த கோழிகள் இருக்கும் ஷெட்டின் ஆட்கள் இப்போது குஞ்சு ஷெட்டுக்குள் போவதில்லை. ராணிக்கெட் என்ற வேறு கோழி நோய்க்கு எப்போதும்போல லசோட்டா தடுப்பு மருந்துதான்.

விலை அதிகம்; குறைந்தது இத்தனை டோஸ் என்று எடுக்கவும் வேண்டும். மிச்சத்தைப் பக்கத்துப் பண்ணை அண்ணன் கேட்டார். தரவில்லை. அவர் கோழிக்கு எந்த வகையோ, யாருக்குத் தெரியும்? "நீங்களும் மாதிரி கொடுங்கண்ணா" என்றேன்.

"காலையிலேயே மருந்து கலந்தாச்சே தம்பி" என்றார்.