குட்டி மானுக்கு எட்டும் தீவனம்: மக்காச்சோளமா, பெல்லட்டா, பருத்திக்கொட்டையா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் தனியார் நிலம். வெண்வால் மானுக்குத் தீவனம் வைப்பது அங்கே பண்ணைக்காரர்களின் வாடிக்கை. செலவெல்லாம் பெரும்பாலும் கொம்பு வளர்க்கும் கிடாக்களுக்காகத்தான். குட்டிகள் அந்தத் தீவனத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

தெற்கு டெக்சாஸில் குட்டிகள் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் பிறக்கின்றன. இரண்டு மாதம் ஆனதும் தழை தின்று அசைபோடத் தேறிவிடும். தாய்ப்பால் குறைவதும் அப்போதுதான், வெயிலில் காடு காய்ந்து கிடப்பதும் அப்போதுதான். ஆனால் காட்டுப்பன்றிக்குப் பயந்து ஃபீடரை, அதாவது தீவனம் போட்டு வைக்கும் கலத்தை, சுற்றி 34 அங்குல உயரத்தில் கம்பி அடித்திருப்பார்கள். தாய் ஒரே எம்பில் உள்ளே போய்விடும். குட்டி கம்பி இடுக்கில் மூக்கை விட்டுப் பார்த்து, வேலியை இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் புதருக்குத் திரும்பும்.

வேலியே இல்லாமல், டைமர் வைத்து மக்காச்சோளம் இறைக்கும் ஃபீடர் மலிவு. தரையில் விழுவதால் குட்டிக்கும் எட்டும். ஆனால் மக்காச்சோளத்தில் புரதம் 8 சதவீதம் அளவுதான். வளரும் குட்டிக்கு அதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். அதிலும் முதல் வாய் கிடாவுக்கு, மிச்சம் பன்றிக்கும், ரக்கூன் என்ற சிறு காட்டு விலங்குக்கும். குட்டிக்காக இதில் பணம் போடுவது வீண் என்பேன்.

புரதம் சேர்த்து அழுத்திச் செய்த சிறு தீவனத் துண்டுகள்தான் பெல்லட். அதை வைக்கும் ஃபீடர் உருப்படியானது. அதற்கு வேலி கட்டாயம். சரி, எவ்வளவு உயரம்? 28 அங்குலமே பெரும்பாலான பன்றிகளைத் தடுத்துவிடும். 34-ல் திணறும் குட்டி இதைச் சில வாரம் முன்னதாகவே தாண்டிப் பழகிவிடும். அப்புறம் தீவனக் குழாய். அது வளர்ந்த மானின் வாய்க்கு ஏற்ற உயரத்தில் இருக்கும். வேலியைத் தாண்டிய குட்டி அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். ஒரு குழாயையாவது தாழ்த்தி வைக்க வேண்டும். ரக்கூனுக்குக் கொண்டாட்டம்தான், அந்தச் செலவைப் பொறுத்துக்கொள்ளலாம்.

குட்டி மட்டும் நுழைகிற மாதிரி வேலியில் சந்து விடும் யோசனையும் உண்டு. மான் குட்டி நுழையும் சந்தில் பன்றிக்குட்டி நுழையாதா? பன்றி இல்லாத நிலமென்றால் பார்க்கலாம்.

பருத்திக்கொட்டை சுவாரசியமானது. நம்மூரில் கறவை மாட்டுக்கு ஊறவைத்து ஆட்டிக் கொடுப்போமே, அதேதான். அங்கே முழுக்கொட்டையாகக் கம்பிவலைக் கூண்டில் கொட்டிவிடுகிறார்கள். புரதம் 20 சதவீதத்துக்கும் மேல். பன்றி பெரும்பாலும் சீண்டாது, அதனால் வேலிச் செலவு மிச்சம். சிக்கல், அதிலுள்ள காசிபால் என்ற நச்சு. வளர்ந்த மானின் இரைப்பை அதைச் சமாளிக்கும், அசைபோடத் தேறாத குட்டியின் இரைப்பை சமாளிக்காது. மான்கள் இதைத் தின்னப் பழகவும் நாளாகும். பாலூட்டும் தாய்க்கு நல்ல தீவனம், குட்டிக்கு நேரடியாக அல்ல.

என் ஓட்டு பெல்லட்டும் 28 அங்குல வேலியும் பக்கம். ஆனால் ஒரே ஒரு ஃபீடர் என்றால் கிடாக்கள் மற்றதை அண்டவிடாது. இடைவெளி விட்டு இரண்டு மூன்று வேண்டும். ஓநாயைப் போன்ற, அதைவிடச் சிறிய கயோட்டிகள் குட்டியைத் தேடும் ஊர் அது, அதனால் வெட்டவெளியில் வைக்காமல் புதரை ஒட்டி வைப்பது நல்லது.

ஃபீடர் வாங்கும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. மானை மெல்ல உருக்குலைத்துக் கொல்லும் சிடபிள்யூடி (Chronic Wasting Disease) நோய் டெக்சாஸில் முதன்முறையாக 2012-ல் அதன் மேற்குக் கோடியில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே குழாயில் பல மான்கள் வாய் வைத்தால் எச்சில் வழியாகப் பரவக்கூடும். சில மாநிலங்களில் தீவனம் வைக்கவே தடை. உங்கள் பகுதி விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.