சேலம் வெயிலில் நிஷாகந்தி வளர்த்த அனுபவம்

இரவில் பூக்கும் கள்ளி வகைச் செடியான நிஷாகந்தியை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பூ இல்லாத மாதங்களில் இது லட்சணமான செடி இல்லை. இலை மாதிரித் தெரிவதெல்லாம் தட்டையான தண்டு. அது கண்டபடி நீண்டு கைப்பிடிச் சுவர் முழுக்கத் தொங்கும். நர்சரிகளில் பிரம்ம கமலம் என்றே விற்கிறார்கள். இமயமலைப் பிரம்ம கமலம் வேறு செடி, அது நம் ஊர் வெயிலுக்கு ஆகாது.

என்னுடையது ஏற்காட்டில் சித்தி வீட்டிலிருந்து ஒடித்து வந்த துண்டு. அங்கே சில்வர் ஓக் நிழலில், மலைக்குளிரில் அது பாட்டுக்குப் பூக்கிறது. சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் மொட்டை மாடியில் கதை வேறு. சித்திரை வெயிலில் தண்டு மஞ்சளடித்து ஓரம் கருகிவிடும். கள்ளிதானே, தாங்கும் என்கிற கணக்கு செல்லாது. மெக்சிகோ, குவாதமாலா காடுகளில் மரக்கிளைகளைத் தொற்றி, நிழலில் வளர்கிற இனம் இது. கிழக்குப் பக்கம் நகர்த்தி, மேலே பச்சை வலை கட்டிய பிறகுதான் தெளிந்தது.

செம்மண், தேங்காய் நார்க்கழிவு, கொஞ்சம் மணல் போதும். உரத்தை அள்ளிப் போட்டால் தண்டுதான் கொழுக்கும். பெரிய தொட்டியும் வேண்டாம், வேர் நெருக்கமாக இருந்தால் நன்றாகவே பூக்கிறது. மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல்.

தண்டின் ஓரப் பள்ளத்தில் கடுகளவு முளைக்கிற மொட்டு, சில வாரங்களில் நீண்டு தொங்கும். தொங்கிய மொட்டு கழுத்தை வளைத்துத் தலை தூக்கினால் பூக்கும் இரவு நெருங்கிவிட்டது. அன்று மாலையே நுனி உப்பியிருக்கும். எட்டு, ஒன்பது மணிவாக்கில் வெளிப்பக்கத்து மெல்லிய இதழ்கள் பின்னால் மடங்க, உள்ளே வெள்ளை இதழ்கள் விட்டுவிட்டு, சிறு நடுக்கத்தோடு திறக்கும். நள்ளிரவில் பூ உள்ளங்கையைவிடப் பெரிது. மாடிப்படி வரை மணம் இறங்கும். இந்த வெள்ளையும் மணமும் இருட்டில் வரும் அந்துப்பூச்சிகளுக்காக. நாம் ஓசியில் அனுபவிக்கிறோம். விடிவதற்குள் துவண்டுவிடும்.

ஒரே ராத்திரிதானா என்று அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. எரிச்சல் தருவது மொட்டு உதிர்வதுதான். மொட்டு விட்ட பிறகு தொட்டியை இடம் மாற்றினாலோ, மண் காய்ந்தாலோ பொலபொலவென்று கொட்டிவிடும்.

காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. பூத்த செடி வைத்திருப்பவரிடம் முதிர்ந்த தண்டாகக் கேளுங்கள். வெட்டுவாயைச் சில நாள் நிழலில் ஆறவிட்டு நட்டால் வேர் பிடிக்கும். பூவுக்கு இரண்டு, மூன்று வருடம்கூட ஆகலாம். இளந்தண்டு என்றால் இன்னும் தாமதம்.