ஜோஹோ சி.ஆர்.எம்.: எக்செலை விட்டு மாறும் அலுவலகத்துக்கு எந்த அளவு கைகொடுக்கிறது?

கோவையில் பம்ப்செட் விநியோகிக்கும் எட்டுப் பேர் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பெயர்கள் நாலாயிரம் இருக்கும். பாதி ஒரு எக்செல் கோப்பில், கொஞ்சம் டேலி கணக்கு மென்பொருளில், மீதி விற்பனைப் பையன்களின் போனில். வாடிக்கையாளர் விவரங்களையும் விற்பனையையும் ஒரே இடத்தில் கவனிக்க உதவும் ஜோஹோ சி.ஆர்.எம். மென்பொருளுக்குள் இதையெல்லாம் கொண்டுவருவதுதான் வேலை. அந்த மென்பொருளின் எல்லா வசதிகளையும் இங்கே அலசப்போவதில்லை. மாறும் அந்த மூன்று நான்கு வாரத்தில் அது எங்கே உதவுகிறது, எங்கே நம்மைக் கைவிடுகிறது என்பதை மட்டும் பார்ப்போம். வாங்கியும் பயன்படாமல் கிடக்கும் சி.ஆர்.எம்.கள் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் தோற்றுப்போகின்றன.

1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாறிய சென்னை நிறுவனத்தின் தயாரிப்பு இது. சி.ஆர்.எம். 2005-லேயே வந்துவிட்டது. மூன்று பேர் வரை இலவசப் பதிப்பு உண்டு. கட்டணப் பதிப்புகளை 15 நாள் சோதித்துப் பார்க்கலாம். அந்த 15 நாளை யாரும் சும்மா சுற்றிப் பார்த்துக் கழிக்கக் கூடாது. உங்கள் சொந்தத் தரவில் ஐம்பது வரியை ஏற்றிப் பார்ப்பதற்காகவே அதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சிக்கல் பெயரில் வருகிறது. லீட்ஸ் (இன்னும் வாடிக்கையாளராகாத விசாரணைகள்), கான்டாக்ட்ஸ் (நாம் பேசும் ஆட்கள்) இரண்டிலும் 'லாஸ்ட் நேம்' கட்டாயம், 'ஃபர்ஸ்ட் நேம்' விருப்பம். குடும்பப் பெயர் இல்லாத நமக்கு இது குழப்பம். உங்கள் எக்செலில் 'கே.முருகன்', 'முருகன் கே', 'முருகன்' என்று மூன்று விதமாகவும் இருக்கும். இன்ஷியலை ஃபர்ஸ்ட் நேமிலும் பெயரை லாஸ்ட் நேமிலும் போடுவதுதான் சரி. திரையில் 'கே முருகன்' என்று இயல்பாக வரும், தேடினாலும் கிடைக்கும். ஆனால் மின்னஞ்சல் வார்ப்புருவில் (டெம்ப்ளேட்) ஃபர்ஸ்ட் நேம் என்று வைத்திருந்தால் வாடிக்கையாளருக்கு 'அன்புள்ள கே' என்று கடிதம் போய்விடும். வார்ப்புருக்கள் அத்தனையையும் லாஸ்ட் நேமுக்கு மாற்றிவிட்டுத்தான் யாருக்கும் திறந்துவிட வேண்டும். மென்பொருள் இதை நினைவூட்டாது.

அடுத்தது 'அக்கவுன்ட்ஸ்' என்ற சொல். ஜோஹோவில் அதற்கு வாடிக்கையாளர் நிறுவனம் என்று பொருள். டேலியில் பழகிய கணக்காளருக்கோ அது வரவு செலவுக் கணக்கு. அங்கே பாக்கித் தொகையைத் தேடிவிட்டு, 'இதில் ஒன்றும் இல்லையே' என்று மூடிவிடுவார். நல்லவேளையாக, செட்டிங்ஸில் 'மாட்யூல்ஸ் அண்ட் ஃபீல்ட்ஸ்' பகுதிக்குப் போய் இந்தப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். 'டீலர்கள்' என்றோ 'கம்பெனிகள்' என்றோ வைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான். பயிற்சியில் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

தரவைச் சுத்தம் செய்வதற்கு மட்டும் முழுதாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். போன் எண்ணை 91 சேர்த்துப் பன்னிரண்டு இலக்கமாக வைத்திருந்தால் எக்செல் அதை 9.2E+11 மாதிரி அறிவியல் குறியீட்டில் சுருக்கிக் காட்டும். அப்படியே சி.எஸ்.வி.யாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்தால் கடைசி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். கோவை லேண்ட்லைனின் 0422, முன்பூஜ்ஜியம் கழன்று 422 ஆகிவிடும். எண்களைத் தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். பிறகு மாற்றினால் போனது திரும்பாது. தேதியில் 04/05 என்பது மே 4-ஆ, ஏப்ரல் 5-ஆ என்பதை இம்போர்ட் திரையில் வடிவம் தேர்ந்தெடுக்கும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.

தமிழில் முகவரி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சாதாரண சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். தமிழ் எழுத்தைக் காக்கும் யு.டி.எஃப்-8 வகை சி.எஸ்.வி.யைத் தேர்ந்தெடுங்கள், அல்லது எக்செல் கோப்பையே நேரடியாக ஏற்றுங்கள். ஜோஹோ இரண்டையும் ஏற்கும். பழைய பட்டியல் பாமினி, வானவில் மாதிரி எழுத்துருவில் தட்டியதாக இருந்தால் கதை வேறு. எழுத்துருவை எடுத்துவிட்டால் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். ஏற்றிய பிறகு எந்த மென்பொருளாலும் அதைத் தமிழாகக் காட்ட முடியாது. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு, ற-ர, ந-ன குழம்பவில்லையா என்று இருபது முகவரியையாவது கண்ணால் படித்துப் பாருங்கள்.

ஒரே கடை மூன்று பெயரில் இருப்பதுதான் பெரிய தலைவலி. 'ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்', 'ஶ்ரீமுருகன் ஸ்டோர்', 'முருகன் ஸ்டோர் காந்திபுரம்' மூன்றும் ஒன்றுதான் என்பது ரவுண்டு போகிற பையனுக்குத்தான் தெரியும். பெயரை வைத்து இரட்டைப் பதிவைப் பிடிக்க முயலாதீர்கள். நிறுவனத்துக்கு ஜி.எஸ்.டி. எண்தான் அடையாளம். அது 15 எழுத்து; முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33; அடுத்த பத்தும் பான் எண். இதற்கென ஒரு புலம் (ஃபீல்ட்) உருவாக்கி, இரட்டிப்பை அனுமதிக்காதே என்ற தேர்வைப் போட்டுவிட்டால் பிறகு யாராலும் அதே எண்ணோடு அந்தக் கடையை மறுபடி நுழைக்க முடியாது. ஜி.எஸ்.டி. பதிவில்லாத சின்னக் கடைகளுக்கும் தனி ஆட்களுக்கும் கைபேசி எண்ணை அடையாளமாக வையுங்கள். ஆதார் எண்ணை எந்தப் புலத்திலும் போடாதீர்கள். விற்பனைக்கு அது தேவையே இல்லை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு தேவையில்லாத தரவைச் சேர்த்து வைப்பது வீண் சுமை.

ஏற்றும் வரிசை தவறினால் எல்லாம் அறுந்து தொங்கும். முதலில் பயனர்கள், பிறகு நிறுவனங்கள், அதன்பின் கான்டாக்ட்ஸ், பிறகு டீல்ஸ் (பேச்சில் இருக்கும் வியாபாரங்கள்), கடைசியில் குறிப்புகள். நிறுவனம் முதலில் உள்ளே இருந்தால் ஆளை அதோடு இணைப்பது எளிது. கோப்பில் 'ரெக்கார்டு ஓனர்' பத்தி வைத்து, ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பாளரின் லாகின் மின்னஞ்சலைப் போடுங்கள். விட்டுவிட்டால் நாலாயிரமும் ஏற்றியவர் பெயரிலேயே போய் விழும். பழைய வரிசை எண்ணுக்கும் ஒரு பத்தி இருக்கட்டும். சந்தேகம் வரும்போது எக்செலோடு ஒப்பிட அது ஒன்றுதான் வழி.

இம்போர்ட் திரை ஜோஹோவின் பலம் என்று தயங்காமல் சொல்லலாம். பத்திகளைத் தானே பொருத்திக் காட்டுகிறது. தவிர்க்கப்பட்ட வரிகளைப் பட்டியலாகத் தருகிறது. தவறாக ஏற்றியதை இம்போர்ட் வரலாற்றில் போய்த் திரும்பப் பெறவும் முடிகிறது. ஆனால் திரும்பப் பெறுவதை நம்பி ஏற்கெனவே இருக்கும் பதிவின் மேல் எழுதாதீர்கள். பழைய மதிப்பு திரும்பாது என்று நினைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். கடைசிப் படியில் தானியங்கி விதிகளை இயக்கவா என்று ஒரு டிக் கட்டம் வரும். அதைக் காலியாக விட வேண்டும். இல்லையென்றால் புதிய வாடிக்கையாளருக்கு வரவேற்பு அஞ்சல் அனுப்பும் விதி ஒன்று, பத்து வருடப் பழைய டீலர் அத்தனை பேருக்கும் 'உங்களை வரவேற்கிறோம்' என்று அனுப்பிவிடும்.

மென்பொருள் கைவிடும் இடம் மனிதர்கள்தான். முதல் நாள் காலையிலேயே 'என் கஸ்டமர் எல்லாம் காணோம்' என்ற கூக்குரல் எழும். இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, தரவுப் பகிர்வு தொடக்கத்தில் 'பிரைவேட்' என்றே இருக்கும். தன் பெயரில் உள்ளதும் தனக்குக் கீழே உள்ளவர்களுடையதும் மட்டுமே தெரியும். ரோல் என்பது யாருடைய தரவைப் பார்க்கலாம் என்பது. புரொஃபைல் என்பது என்ன செய்யலாம் என்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஒருவர் அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டும். மற்றது, லீடை 'கன்வெர்ட்' செய்ததும், அதாவது வாடிக்கையாளராக மாற்றியதும், அது வழக்கமான லீட்ஸ் பட்டியலிலிருந்து மறைந்து நிறுவனமாகவும் ஆளாகவும் பிரிந்து போய்விடும். கன்வெர்ட் ஆனவற்றைப் பார்க்கத் தனிப் பட்டியல் உண்டு, ஆனால் அது எங்கே என்று பையனுக்குத் தெரியாது. நேற்று பேசிய ஆளைக் காணோம் என்றதும் பழைய நோட்டுக்கே திரும்பிவிடுவான். பயிற்சியில் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இந்தக் கன்வெர்ட்டை ஒவ்வொருவர் கையாலும் மூன்று முறை செய்ய வையுங்கள். அழித்தது 60 நாள் ரீசைக்கிள் பின்னில் இருக்கும் என்பதையும் காட்டிவிடுங்கள். அந்தத் தைரியம் வந்தால்தான் பயமில்லாமல் தொடுவார்கள்.

பயிற்சிக்கு மாதிரித் தரவு உதவாது. காந்திபுரம் ரவுண்டு போகிறவருக்குக் காந்திபுரம் கடைகளையே ஏற்றிக் கொடுங்கள். ஒரு தடவைக்கு 45 நிமிடம் போதும், மூன்று பேருக்கு மேல் வேண்டாம். விற்பனை ஆளுக்குத் தெரிய வேண்டியவை நாலே வேலைகள்: தேடுவது, பேசியதைப் பதிவது, அடுத்த தேதி வைப்பது, கன்வெர்ட் செய்வது. ரிப்போர்ட்டெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கட்டணம் மிச்சம் என்று இரண்டு பேருக்கு ஒரே லாகின் கொடுக்கவே கொடுக்காதீர்கள். யார் எதை மாற்றினார் என்ற தடயம் அன்றோடு செத்துவிடும். தரவை வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் உரிமையை நிர்வாகிகள் தவிர மற்றவர்களின் புரொஃபைலில் முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

சோதனைக்கென்று தனி சேண்ட்பாக்ஸ் (உண்மைத் தரவைத் தொடாமல் ஒத்திகை பார்க்கும் இடம்) மேல்நிலைப் பதிப்புகளில்தான் கிடைக்கிறது. உண்மையில் அது மிகவும் தேவைப்படுவது அனுபவமில்லாத சிறிய அலுவலகங்களுக்கு. அவர்கள் வாங்குவதோ கீழ்நிலைப் பதிப்பு. இது நியாயமாகப் படவில்லை. தனிச் சோதனைக் கணக்கு ஒன்றைத் திறந்து ஒத்திகை பார்ப்பதே இப்போதைக்கு மாற்று வழி.

நாலைந்து பேருக்கு மேல் வெளியே சுற்றி விற்கும் அலுவலகத்துக்கு இந்த மென்பொருளைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஒரே ஆள் நடத்தும் ஏஜென்சிக்கு ஒழுங்கான எக்செலே போதும்.

மாறும் நாளை மாதத்தின் 21-லிருந்து 27-க்குள் வையுங்கள். 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல், 20-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல், மாதக் கடைசியில் வசூல் என்று மற்ற நாட்களில் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. சனிக்கிழமை மாலை எக்செல் கோப்பை 'ரீட் ஒன்லி' ஆக்கிவிட்டு ஏற்றத் தொடங்குங்கள். முடிந்ததும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்: எக்செலில் எத்தனை வரி, உள்ளே எத்தனை, தவிர்க்கப்பட்டவை எத்தனை. பின் இரண்டையும் கூட்டியது முதல் எண்ணோடு ஒத்துவராவிட்டால் திங்கட்கிழமை திறக்காதீர்கள். இன்னொரு வாரம் பழைய கோப்பிலேயே ஓட்டுங்கள்.