எல்லைச் சோதனை: சாட்பாட்டைக் கேட்பதா, அரசுத் தளத்தைப் பார்ப்பதா?

ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) குறுகிய காலப் பயணிகள் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம் என்ற விதியைச் சாட்பாட்டிடம் கேட்டால், உதாரணத்தோடு விளக்கிவிடும். அரசுத் தளத்தில் அதே விஷயத்தைப் படித்து முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும். புரிந்துகொள்ள சாட்பாட்தான் மேல்.

சரி, விதி மாறியிருந்தால்? அங்கே பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்தது. பழைய தரவில் பயின்ற சாட்பாட், முத்திரை குத்துவார்கள் என்று தயங்காமல் சொல்லும். விமான நிறுவனங்கள் பெரும்பாலும், நாடுகளின் விசா, பாஸ்போர்ட் விதிகளைத் தொகுத்து வைத்திருக்கும் டைமாட்டிக் (Timatic) தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் ஆவணங்களைச் சரிபார்க்கின்றன. கவுன்டரில் சாட்பாட் பதிலைக் காட்டி வாதாட முடியாது.

டிக்கெட் போடுமுன் நான் பார்ப்பது அரசுத் தளத்தைத்தான். அப்புறம், பாஸ்போர்ட் எண்ணைச் சாட்பாட்டில் தட்டிவிடாதீர்கள்.