கைபேசியில் ஓராண்டு தமிழ் எழுத்து: ஒரு போதகரின் பயன்பாட்டு அனுபவம்

கடந்த ஓராண்டாக என் சொந்தத் தியானக் குறிப்புகளை முழுவதும் கைபேசியிலேயே தமிழில் எழுதிவருகிறேன். திருகோணமலையில் போதகப் பணி செய்பவருக்கு ஒரு நாள் ஒரே மேசையில் கழிவதில்லை. காலையில் உவர்மலையில் ஒரு வீட்டுச் சந்திப்பு, நண்பகலில் பொது வைத்தியசாலையில் நோயாளி ஒருவருக்காக ஜெபம், மாலையில் நிலாவெளிப் பக்கம் ஒரு குடும்ப ஆராதனை என்று ஓடும் நாளில், இரவு கொப்பியைத் திறக்கும்போது காலையில் கேட்டவற்றில் பாதி மறந்துபோயிருக்கும். கைபேசி எப்போதும் கையில் இருப்பதால் அந்த இழப்பு குறையும் என்று எண்ணியே தொடங்கினேன். எது உண்மையிலேயே உதவியது, எதை நிறுத்திவிட்டேன் என்பதை, இதே வழியில் எழுத விரும்பும் உடன் ஊழியர்களுக்காகவும், தம் நினைவுகளை எழுதிவைக்க எண்ணும் சபையாருக்காகவும் இங்கே பதிவு செய்கிறேன்.

நான் பயன்படுத்துவது செல்லினம் என்னும் விசைப்பலகைச் செயலி. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கி 2005 இல் வெளியிட்ட இச்செயலியில், ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தட்டும் அஞ்சல் முறையும், தமிழ் எழுத்துகளையே தட்டும் தமிழ்99 முறையும் இருக்கின்றன. அஞ்சல் முறை முதல் நாளிலேயே கைவந்துவிடும். தமிழ்99 பழகச் சில வாரங்கள் பொறுமை வேண்டும். ஆனாலும் நெடுங்காலம் எழுதப் போகிறவருக்கு நான் தமிழ்99 முறையையே தயங்காமல் பரிந்துரைப்பேன். 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான இந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கமும் அமைந்துள்ளன. ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும். ‘பக்கம்’ என்று எழுத நடுவில் புள்ளியைத் தேட வேண்டியதில்லை. ‘சங்கீதம்’, ‘நன்றி’ போன்ற சொற்களில் ங-வுக்குப் பின் க, ன-வுக்குப் பின் ற என்று இனவெழுத்துகள் சேரும்போதும் அவ்வாறே புள்ளி தானாக அமைகிறது. நம் சொற்களில் இத்தகைய சேர்க்கைகள் எவ்வளவு அதிகம் என்பதை எழுதும்போதுதான் உணர முடிகிறது. பழகிய பின் விரல் தமிழ் எழுத்தாகவே எண்ணுகிறது. ஆங்கில எழுத்தின் வழியாக ஒருமுறை சுற்றி வருவதில்லை.

கிறிஸ்தவ எழுத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் சுமை உண்டு. ஸ, ஷ, ஜ, ஹ ஆகியவை இவ்வமைப்பில் மாற்று விசைக்குப் (Shift) பின்னால் இருக்கின்றன. ஜெபம், ஸ்தோத்திரம், சுவிசேஷம், கிறிஸ்து என்று நாள்தோறும் எழுதுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு கூடும். வேகம் இதனால் சற்றுக் குறைகிறது என்பதை மறைக்க முடியாது. எனினும் அதற்காக முறையையே மாற்றுமளவுக்கு இது பெரிய குறையன்று.

குரல்வழித் தட்டச்சைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பலரும் முதலில் கேட்பது அதையே. அமைப்புகளில் இலங்கைத் தமிழைத் தெரிவுசெய்து சில மாதங்கள் தொடர்ந்து பயன்படுத்தினேன். அமைதியான அறையில், நிதானமாக, எழுத்துநடையில் பேசினால் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக எழுதுகிறது. கடற்கரையில் காற்று வீசும்போது பாதி வாக்கியம் போய்விடும். தம்பலகாமம், பாலையூற்று, சாம்பல்தீவு போன்ற நம் ஊர்ப்பெயர்களில் அடிக்கடி தடுமாறுகிறது. வேதாகமப் பெயர்களிலும் அப்படியே. இவை பொறுத்துக்கொள்ளத் தக்க குறைகளே. நான் அதைத் தனிக் குறிப்புகளுக்குப் பயன்படுத்துவதை நிறுத்தியதற்குக் காரணம் வேறு. குரலில் எழுதியவற்றைப் பின்னர் வாசித்தபோது, அவை எல்லாமே சபையைப் பார்த்துப் பேசின. என் துக்கத்தை எழுதத் தொடங்கிய பக்கம்கூட மூன்றாவது வாக்கியத்தில் பிறருக்கு ஆறுதல் கூறியது. பல ஆண்டுகள் பிரசங்க பீடத்தில் பழகிய வாய் கேள்வியோடு நிற்பதில்லை. உடனே பதிலுக்குப் போய்விடுகிறது. விரலால் மெதுவாக எழுதும்போது அந்தப் பதில் வருவதற்கு முன் நிற்க முடிகிறது. சங்கீதக்காரர் ‘எதுவரைக்கும் கர்த்தாவே’ என்று கேட்ட இடத்தில் ஒரு போதகரும் சற்று நேரம் நின்றாக வேண்டும் என்று நான் நம்புகிறேன். ஆகவே இப்போது ஞாயிறு அருளுரையின் முதல் வரைவுக்குக் குரலையும், சொந்தக் குறிப்புக்கு விரலையும் பயன்படுத்துகிறேன். பேச்சாக வேண்டியது பேச்சாகவே பிறப்பதால் அருளுரையும் முன்னிலும் இயல்பாக அமைகிறது.

இதே காரணத்தால் சொற்பரிந்துரை வசதியையும் அணைத்துவைத்துள்ளேன். அவசரச் செய்தி அனுப்ப அது நல்ல துணை. ஆனால் நாம் அடிக்கடி எழுதும் சொற்களையே அது முன்னால் நீட்டுகிறது. ‘மகிமையான’, ‘ஆசீர்வாதமான’ என்று ஏற்கெனவே தேய்ந்த வழக்குகள் நிறைந்த எங்கள் ஊழிய மொழிக்கு இது மேலும் தூண்டுதலாகிவிடும்.

இனி இரகசியம் பற்றி. போதகரின் குறிப்பில் பிறருடைய வாழ்க்கையும் வந்துவிடுகிறது, அதைத் தவிர்க்க இயலாது. மெதடிஸ்த மரபில் வளர்ந்த எனக்கு இவ்விடயத்தில் அம்மரபைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் வழக்கம் பெரிதும் உதவியது. அவர் பிறர் வாசிப்பதற்காக வெளியிட்ட நாளேடு ஒன்று, தமக்காகக் குறியீடுகளாலும் சுருக்கெழுத்தாலும் எழுதிய நாட்குறிப்பு வேறொன்று. நானும் இரண்டாகப் பிரித்துவிட்டேன். பிறரோடு பகிரக்கூடியவை ஒரு கோப்பில். கடவுச்சொல்லால் பூட்டப்பட்ட, இணையச் சேமிப்போடு இணைக்கப்படாத கோப்பில் மற்றவை. பூட்டிய கோப்பிலும் எவருடைய பெயரையும் எழுதுவதில்லை. பாவ அறிக்கையாகக் கேட்டதை எதிலும் எழுதுவதில்லை. என் கைபேசியில் இணைய இணைப்பு இல்லாத இடங்களில் குரல்வழித் தட்டச்சு இயங்கவில்லை. அப்படியானால் பேசுவது கைபேசிக்கு வெளியே போகிறது என்றே கொள்ள வேண்டும். சபையார் நம்பி ஒப்படைத்த காரியங்களை அந்த ஒலிவாங்கியில் பேசுவது எந்த ஊழியருக்கும் தகாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பகிரக்கூடிய குறிப்புகளிலிருந்து சில வரிகளைச் சபையின் முதியோருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறேன், அவர்களில் பலர் இன்றும் பொத்தான் கைபேசியே வைத்திருப்பதால். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 குறிகள் கொள்ளும். தமிழில் 70 தான். அதிலும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், ஐந்தெழுத்தாகத் தோன்றும் ‘கர்த்தர்’ எட்டு இடத்தை எடுத்துக்கொள்கிறது. இந்த எல்லை எனக்கு நல்ல பயிற்சியாயிற்று. ஒரு வசனத்தின் குறிப்பும் ஒரு வாக்கியமும் மட்டுமே இடம்பெற முடியும். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு பக்கத்தை மீண்டும் வாசிக்க வேண்டியிருக்கிறது.

சேமிப்பு விடயத்தில் இவ்வூரில் அசட்டையாக இருக்க முடியாது. 2004 டிசெம்பர் 26 அன்று கடல் புகுந்த வீடுகளில் குடும்ப வேதாகமங்களும், அவற்றின் முன்பக்கத்தில் எழுதியிருந்த பிறப்பு, திருமணக் குறிப்புகளும் போயின என்று மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே பகிரக்கூடிய கோப்பை மாதந்தோறும் அச்சிட்டு வைக்கிறேன்; பூட்டிய கோப்பின் பிரதி ஒன்று வேறோர் ஊரில் இருக்கிறது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மின்சாரம் நீண்ட நேரம் இல்லாமற்போவதால், ஐப்பசி முதல் தை வரை ஒரு சிறிய கொப்பியையும் பையில் வைத்திருப்பது நல்லது.

கடைசியாக, பழைய கோப்புகள் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. இலங்கைத் திருச்சபைகளில் நீண்ட காலம் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சு செய்துவந்தோம். அந்தக் கோப்புகள் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒருங்குறியில் (யூனிகோட்) இல்லாததால், கைபேசியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். சொல்லைத் தேடவும் முடியாது. எழுத்துரு மாற்றிகள் இவற்றைப் பெரும்பாலும் சரியாக மாற்றித் தருகின்றன. மாற்றியபின் கிரந்த எழுத்துகளையும் வேத வசன எண்களையும் மட்டும் கண்ணால் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். என் ஆரம்பகால அருளுரைகளை இவ்வாறு மாற்றும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த இருவர் சனிக்கிழமைகளில் வந்து உதவுகின்றனர்.